நான்காவது டேக்கிளிலேயே உதைக்கிறவர்

இந்த சீசனின் எந்தத் தோல்வியும் கிளப்பி விடாத கோபத்தைப் புதிய தலைமைச் செயல் அதிகாரி ஒரே வாரத்தில் கிளப்பிவிட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வரத் தயாராக இருந்த ஒரு மார்க்கீ வீரரை (பெருஞ்சம்பள நட்சத்திரத்தை) வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கையோடு, முப்பதைத் தாண்டிய ஹாஃப்பேக்கின் ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுக்கு நீட்டித்தும் விட்டார். ‘இந்த ஆளுக்குக் கணக்கு தெரியும், ரக்பி லீக் தெரியாது’ என்று ஸ்டாண்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எந்த கிளப் என்பது முக்கியமில்லை. வடக்கு இங்கிலாந்தில் எம்62 நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இந்தச் சண்டை நடக்காத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் கட்சி வேறு. ஆட்டத்தைச் சரியாகப் பார்த்த ஒருவர் எடுத்த முடிவு இது. தப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பது ஸ்டாண்ட்தான்.

முதலில் அந்த ஹாஃப்பேக்கை எடுத்துக்கொள்வோம். அவர் மேல் இருக்கிற புகார் ஒன்றே ஒன்று: சீக்கிரம் உதைத்துவிடுகிறார். ஆறு டேக்கிளுக்குள், அதாவது ஒரு செட்டுக்குள், ட்ரை வைக்காவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மற்ற அணிகளில் ஐந்து டேக்கிள் முடிகிறவரை பந்தைச் சுமந்துவிட்டு, வேறு வழியில்லை என்கிறபோது உதைப்பார்கள். இவர் மூன்றாவது டேக்கிள் முடிந்ததுமே பந்தைக் காலுக்குக் கொடுத்துவிடுகிறார். இன்னும் இரண்டு ஓட்டம் கைவசம் இருக்கும்போது பந்தை எதற்கு எதிராளிக்குத் தாரை வார்க்க வேண்டும்? தோளில் அடி வாங்கப் பயம், வயதாகிவிட்டது, தாக்குதல் யோசனை தீர்ந்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அவர் கால் பந்தைத் தொட்டதும் சொந்த ரசிகர்களே முனகுகிற சத்தம் தொலைக்காட்சியில்கூடக் கேட்கிறது.

ஒரு செட்டை மட்டும் நிதானமாகப் பாருங்கள். மழை விட்டும் விடாத வெள்ளிக்கிழமை இரவு. சொந்த 40 மீட்டர் கோட்டுக்குச் சற்று பின்னால் மூன்றாவது டேக்கிள். கீழே விழுந்த ப்ராப் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுகிறார். எதிரணியின் தற்காப்பு வரிசை 10 மீட்டர் விலகி நின்று, அடுத்த ஓட்டத்தை மறிக்கக் குதிகாலைத் தூக்கிவிட்டது. அவர்களுடைய ஃபுல்பேக் எங்கே நிற்கிறார்? வரிசைக்குக் கொஞ்சம் பின்னால், இடது பக்கமாக ஒதுங்கி, ஓட்டம் அங்கேதான் வரும் என்று சக வீரர்களுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறார். வலது விங்கர் வரிசையோடு வரிசையாக மேலே ஏறிவிட்டார். ஐந்தாவது டேக்கிள் முடிந்திருந்தால் இரண்டு பேரும் உதையை எதிர்பார்த்து வெகுதூரம் பின்னால் போயிருப்பார்கள். மூன்றுதானே ஆகியிருக்கிறது, யாரும் போகவில்லை. ஹாஃப்பேக் இரண்டு அடி எடுத்துவைத்து, பந்தைத் தாழ்வாக, அந்த விங்கரின் தோளுக்கு மேலே அடித்துவிடுகிறார்.

பந்து ஈரப் புல்லில் விழுந்து, இரண்டு தரம் துள்ளி, எதிரணியின் ட்ரை கோட்டுக்கு 10 மீட்டர் இருக்கும்போது தளர்கிறது. விங்கர் திரும்பி ஓடிக் குனிந்து எடுக்கும்போதே மூன்று பேர் அவர் முதுகில். முனகல் வருவது இந்த இடத்தில்தான். அதோடு பலருடைய கவனம் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறது.

விஷயமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. எதிரணியின் ப்ராப்கள் நூறு கிலோவுக்கு மேல் உடம்பைத் தூக்கிக்கொண்டு முதலில் பின்பக்கம் ஓடி வர வேண்டும். வந்த மூச்சிலேயே பந்தை வாங்கி முன்னால் மோத வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கிடைப்பது சில மீட்டர்தான். ஐந்து டேக்கிளில் 20 மீட்டர் கோட்டைத் தாண்டினாலே பெரிய காரியம். அங்கிருந்து அவர்கள் அடிக்கிற உதையை இந்தப் பக்க ஃபுல்பேக் நின்ற இடத்தில் வாங்கி, நடுக்கோடுவரை ஓடி வந்துவிடுகிறார். இரண்டு ஓட்டத்தைக் கொடுத்த அணி அடுத்த செட்டை நடுக்கோட்டில் தொடங்குகிறது, அதுவும் களைத்துப்போன ஆறு முன்வரிசை வீரர்களுக்கு எதிராக. இதை ஒரு பாதியில் ஐந்தாறு தரம் செய்துவிட்டால், கடைசி இருபது நிமிடத்தில் இடைவெளிகள் தானாகத் திறக்கும். அந்த இடைவெளியில் புகுந்து ட்ரை வைக்கிற சென்டரை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இடைவெளியை உண்டாக்கியவருக்கு ஒரு கைத்தட்டல் கிடையாது.

பயந்தவர் உதைக்கிற உதையும் இல்லை இது. கொஞ்சம் நீளமாகிப் பந்து டெட்-பால் கோட்டைத் தாண்டினால், எதிரணி 20 மீட்டரிலிருந்து ஏழு டேக்கிளோடு தொடங்கும். கொஞ்சம் குட்டையானால் ஃபுல்பேக் ஓட்டத்திலேயே வாங்கிவிடுவார். நடுவில் இருக்கிற சின்ன இடத்தில் பந்தைப் போட வேண்டும். அப்படிப் போடத் தெரிந்தவருக்குத்தான் 40/20 கிடைக்கும்: சொந்த 40-க்குள்ளிருந்து அடித்த பந்து மைதானத்தில் பட்டு எதிரணியின் 20-க்குள் பக்கக் கோட்டைத் தாண்டினால் பந்து மறுபடியும் நம் கைக்கே வரும். ஐந்தாவது டேக்கிள் முடிந்த பிறகு விங்கர் அங்கே காவல் நிற்பார். மூன்றாவது முடிந்த கையோடு அடித்தால் அங்கே ஆளே இல்லை.

பந்தைக் கொடுப்பது கோழைத்தனம் என்கிறவர்கள் இந்த ஆட்டத்தின் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 1966 வரை ரக்பி லீக்கில் டேக்கிளுக்கு உச்சவரம்பே இல்லை. முன்னிலையில் இருக்கிற அணி பந்தை விடாமல் பிடித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம், கடத்தினார்கள். பார்க்கவந்த கூட்டம் கலைய ஆரம்பித்தது. 1966-ல் நான்கு டேக்கிள் என்று வரம்பு வந்தது, 1972-ல் ஆறு ஆனது. பந்தை எப்போது, எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து இந்த ஆட்டத்தின் நடு நரம்பு. அந்தக் கேள்விக்கு இந்த ஹாஃப்பேக் அளவுக்கு யோசித்து பதில் சொல்கிறவர் லீக்கில் மூன்று பேர்கூட இல்லை என்பது என் கருத்து.

இப்போது சிஇஓ-விடம் வருவோம். ரசிகர்களோடு நடந்த முதல் சந்திப்பில் அவரிடம் கேட்ட கேள்விகளில் பாதி, அவர் எந்த இடத்தில் ஆடினார், எந்த ஊர்க்காரர் என்பவை. மிச்சப் பாதி, பெரிய பெயர் எப்போது வரும் என்பது. மைதானத்தில் எல்ஈடி விளம்பரப் பலகையும் பெரிய திரையும் வரப்போகிறது என்று அவர் சொன்னபோது சிரித்தார்களாம்.

சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. 2025 சீசனிலிருந்து, இங்கே மேல்மட்டப் போட்டியான சூப்பர் லீக்கில் யார் இருப்பது என்பதை வெறும் புள்ளிப்பட்டியல் தீர்மானிப்பதில்லை. ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தோடு ரக்பி லீக் நிர்வாகம் 2022-ல் போட்ட 12 ஆண்டு ஒப்பந்தத்திலிருந்து பிறந்த தரவரிசை முறை வந்துவிட்டது. மொத்தம் 20 புள்ளி. ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்துக்கு 5, நிதிக்கு 4.5, மைதானத்துக்கு 3, சமூகப் பணிக்கு 2.5. பதினைந்தைத் தொட்டால் ஏ தரம், நாற்காலி உறுதி. அந்த மைதானக் கணக்கில் திரைக்கும் பலகைக்கும் இடம் உண்டு. தசமப் புள்ளிகளில் தலையெழுத்து மாறுகிற முறை இது. எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை. சின்ன ஊர் கிளப் ஒன்று களத்தில் ஜெயித்து மேலே வருகிற வழியை அடைத்ததை மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் விதி இதுதான் என்றால், அதைப் படிக்காத சிஇஓ கிளப்பைக் கவிழ்த்துவிடுவார். இவர் படித்திருக்கிறார்.

மார்க்கீ வீரர் விவகாரத்தைப் பாருங்கள். சூப்பர் லீக்கில் சம்பள உச்சவரம்பு சமீப ஆண்டுகளில் 21 லட்சம் பவுண்டு. மார்க்கீ வீரருக்கு எவ்வளவு கொட்டிக்கொடுத்தாலும் அந்த வரம்பில் 1,50,000 பவுண்டுதான் ஏறும், கிளப்பே வளர்த்த வீரர் என்றால் அதற்கும் குறைவு. அதனால்தான் ரசிகர்கள், ‘வரம்பில் இடம் இருக்கிறதே, வாங்கினால் என்ன?’ என்கிறார்கள். வரம்பில் இடம் இருக்கிறது, வங்கிக் கணக்கில்? முழுச் சம்பளமும் அங்கிருந்துதான் போக வேண்டும். தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் முன்பு வந்ததைவிட வெகுவாகச் சுருங்கிவிட்ட காலம் இது. நட்சத்திரம் வந்தால் ஆட்டத்துக்கான புள்ளி ஏறும் என்பார்கள். அந்தப் புள்ளி ஒரு சீசனை மட்டும் பார்த்துத் தருவதில்லை, மூன்று ஆண்டு நிலையைப் பார்க்கிறது. சம்பளமோ முழுசாக உடனே போய்விடும். மூன்றில் ஒரு பங்கு லாபத்துக்கு முழு நஷ்டம்.

அந்த ஹாஃப்பேக்குக்கு மைதானத்தில் எது கைவந்திருக்கிறதோ, அது சிஇஓ-வுக்கு அலுவலகத்தில் கைவந்திருக்கிறது. இருக்கிற இரண்டு ஓட்டத்தையும் ஓடியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இருவருக்கும் இல்லை. எதிராளி தயாராவதற்கு முன்னால் கொடுத்துவிட்டு, நல்ல இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

ரசிகர்களின் சந்தேகம் ஆதாரமில்லாத சந்தேகம் என்று நான் சொல்லவே மாட்டேன். இந்த ஆட்டம் பிறந்ததே கூலிப் பிரச்சினையில். சனிக்கிழமை ஆட்டத்துக்காகச் சுரங்கத்திலும் ஆலையிலும் இழந்த கூலியை ஈடுகட்டக் கூடாது என்று ரக்பி யூனியன் பிடிவாதம் பிடித்தபோது, 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு கிளப்புகள் கூடித் தனியாகப் பிரிந்தன. நூறு ஆண்டு கழித்து, 1995-ல், கோடிக்கணக்கான பவுண்டு தொலைக்காட்சிப் பணத்தோடு சூப்பர் லீக் திட்டம் வந்தது. அக்கம்பக்கத்து ஊர் கிளப்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிடலாம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். மக்கள் எதிர்த்து நின்று அந்த இணைப்புகளை முறியடித்தார்கள். கோட்டு போட்டுக்கொண்டு வருகிறவர்களை இந்த ஊர்கள் ஏற இறங்கப் பார்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஊரை விற்க வந்தவர் பெரிய பெயரைக் காட்டித்தான் கூட்டத்தை மயக்குவார். இவர் வந்ததும் வராததுமாக, கூட்டத்துக்குப் பிடிக்காத, உள்ளே ஏற்கெனவே இருந்த வீரரைத் தக்கவைத்தார். விற்க வந்தவர் செய்கிற வேலையா இது?

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

அடுத்த சீசனின் முதல் சில உள்ளூர் ஆட்டங்களில் கூட்டம் குறையும். சிஇஓ-வை எதிர்த்து ஒரு பதாகையாவது தொங்கும். ஹாஃப்பேக் அசராமல் நான்காவதிலேயே உதைத்துக்கொண்டிருப்பார். ஈஸ்டர் வாக்கில் எதிரணிப் பயிற்சியாளர்கள் விழித்துக்கொள்வார்கள். தங்கள் ஃபுல்பேக்கையும் ஒரு விங்கரையும் இரண்டாவது டேக்கிளிலிருந்தே பின்னால் அனுப்பிவைப்பார்கள். வேடிக்கை அங்கேதான் ஆரம்பம். பின்னால் ஆள் போனால் தற்காப்பு வரிசையில் ஆள் குறையும், விளிம்பில் மூன்று பேரை இரண்டு பேர் மறிக்க வேண்டி வரும். அப்போது நம்ம ஆள் காலை மடக்கிவிட்டுக் கையால் கொடுப்பார். இரண்டாம் வரிசை வீரர் ஒருவர் ஜூன் மாதத்துக்குள் வழக்கத்துக்கு மேல் ட்ரை வைத்திருப்பார். ‘ஹாஃப்பேக் மாறிவிட்டார், தாக்குதல் ஆட்டம் ஆட ஆரம்பித்துவிட்டார்’ என்று வர்ணனையில் சொல்வார்கள். அவர் மாறியிருக்க மாட்டார். எதிரணிகள் நின்ற இடம் மாறியிருக்கும்.

அணி முதல் ஆறு இடத்துக்குள் வந்து பிளே-ஆஃப் ஆடும், அநேகமாக ஐந்தாவதாக. வெளியூரில் முதல் நாக்-அவுட்டில் பெஞ்ச் பலம் போதாமல் தோற்கும். ஓல்ட் டிராஃபோர்டில் நடக்கிற இறுதிக்கு அடுத்த ஆண்டு வாய்ப்பில்லை. அந்த அக்டோபரில் தரவரிசைப் புள்ளி வெளியாகும்போது நிதிப் பக்கம் ஏறியிருக்கும்.

அதன்பிறகு சிஇஓ மார்க்கீ இடத்தை நிரப்புவார், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. வாங்கப்போவது ஹாஃப்பேக்காக இருக்காது. உதைத்த பந்தைத் துரத்திப் போய் விங்கரை 10 மீட்டரில் மடக்கிப் போடுகிற, கால் வேகமுள்ள ஒரு பேக்-ரோவரை எடுப்பார். அப்போதும் ஸ்டாண்ட் கேட்கும், ‘யார் இவர்? ட்ரை எத்தனை வைத்திருக்கிறார்?’ என்று.