வடுவும் வழியும்: பால் கே. சேப்பலின் அமைதிச் சிந்தனை – ஒரு மதிப்பீடு

இல்லத்தில் அடிபட்டு வளரும் குழந்தை பிற்காலத்தில் அடிக்கும் மனிதனாகவே மாறும் என்னும் கருத்து நம்மிடையே பரவலாக நிலவுகிறது. இக்கருத்தைத் தம் வாழ்வாலும் எழுத்தாலும் மறுப்பவர் அமெரிக்க எழுத்தாளர் பால் கே. சேப்பல். அவர்தம் சிந்தனையின் வலிமையையும் வரம்பையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேப்பல் 1980இல் பிறந்து அலபாமா மாநிலத்தில் வளர்ந்தவர். தாயார் கொரியர், தந்தையார் கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் பங்கேற்ற படைவீரர். போர் தந்தையின் உள்ளத்தில் விளைத்த காயம், வீட்டினுள் மகன் மீது வன்முறையாக வெளிப்பட்டது. அச்சமும் கொலைவெறியொத்த சினமும் தம் இளமையை ஆட்கொண்டிருந்தமையைச் சேப்பல் மறைக்கவில்லை. 2002இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்று, ஈராக்கில் பணியாற்றி, 2009இல் கேப்டன் நிலையில் படையிலிருந்து விலகினார். பின்னர் அமைதிக் கல்வியைத் தம் பணியாக்கிக்கொண்டார்.

‘போர் என்றேனும் முடிவுறுமா?’ எனப் பொருள்படும் அவரது நூல் 2009இல் வெளிவந்தது. மனிதன் இயல்பிலேயே கொலைவெறி கொண்டவன் அல்லன் என்பதே அந்நூலின் மையக் கருத்து. மனிதன் இயல்பாகவே கொல்ல விரும்புபவனாயின், எதிரியை மனிதனல்லாதவனாகக் காட்டும் பரப்புரை எதற்கு என அவர் வினவுகிறார். 2012இல் வெளியான ‘அமைதிப் புரட்சி’ இவ்வினாவை அகத்தை நோக்கித் திருப்புகிறது. நம்பிக்கை, பரிவு, நன்றியுணர்வு, மனச்சான்று, பகுத்தறிவு, ஒழுக்கக் கட்டுப்பாடு, அறிவார்வம் ஆகிய ஏழும் பயிற்சியால் வலுப்பெறும் தசைகள் என்கிறார். எழுத்தறிவைப் போன்று அமைதியும் கற்பிக்கத்தக்கதே என்பது அவர் முடிபு.

இவ்வெழுத்தின் சிறப்பு, காரணத்தை விளக்குவதையும் குற்றத்தை மன்னிப்பதையும் ஒன்றாக்காமையே எனலாம். தந்தையை அவர் அரக்கனாகத் தீட்டவில்லை. தந்தையின் செயலைப் பூசி மெழுகவுமில்லை. சினம் நெருப்பின் வெம்மை போன்றது. அடியில் எரிவது யாது எனக் காணவேண்டும் என்பது அவர் அணுகுமுறை. திருக்குறளின் துறவறவியலில் வெகுளாமை, இன்னாசெய்யாமை, கொல்லாமை ஆகியவை 31, 32, 33ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்பதை நாம் அறிவோம். சினத்திலிருந்து கொலை வரை நீளும் தொடர்பை இவ்வைப்புமுறை உணர்த்துவதாகக் கொள்ளலாம். வள்ளுவர் சினத்தை அடக்குமாறு பணிக்கிறார். சேப்பல் அதன் வேரைத் தேடுகிறார். இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்பது நம் கருத்து.

ஆயினும் தசை என்னும் உவமை முழுமையானதன்று. தசையை வளர்ப்பது தனியொருவரின் முயற்சி. அடி விழுந்துகொண்டிருக்கும் குழந்தையிடம் அம்முயற்சியை எதிர்பார்த்தல் அறமாகாது. அக்குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு. 1978இல் ஜெர்மானியப் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசைப் பெற்ற சுவீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன், உலக அமைதியைக் குழந்தை வளர்ப்பிலிருந்தே தொடங்குமாறு வலியுறுத்தினார். மறு ஆண்டே சுவீடன் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடைசெய்தது. சேப்பலின் அகப்பயிற்சிக்கு இத்தகைய புறக்காப்பு துணைநின்றாலன்றிப் பயன் முழுமையுறாது. மேலும், வடுவிலிருந்து மீண்ட ஒருவரின் வெற்றியை அளவுகோலாக்கினால், மீள இயலாதோரைக் குறைகூறும் நிலை ஏற்படும். திறனாய்வாளர் இவ்விடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இவ்வரம்புகளை ஏற்ற பின்னும் ஆசிரியர்க்கு இந்நூல்கள் பயன்படுவனவே. வகுப்பில் சினந்தெழும் மாணவனை நாம் பெரும்பாலும் ஒழுங்குமீறியவனாகவே பதிவு செய்கிறோம். அச்சினத்தின் அடியில் இருப்பது அச்சமா, அவமானமா, வீட்டில் பட்ட அடியா என வினவும் பழக்கத்தைச் சேப்பல் கற்பிக்கிறார். தண்டிப்பதற்கு முன் இவ்வினாவை எழுப்புவது ஆசிரியப் பணியின் ஒரு பகுதி என நாம் துணிகிறோம்.