ஊன்றிய கால்

கூத்தைப் பற்றி எழுதுவோர் ஆடுபவனுடைய சிரமத்தை விஸ்தாரமாகச் சொல்வார்கள். பார்ப்பவனுக்கும் ஒரு சரீரம் உண்டு என்பதும், விடிய விடிய நடக்கும் ஆட்டத்தை அந்தச் சரீரமும் தாங்கியாக வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் சூம்பி, தரையில் சம்மணமிட்டு உட்காரவோ கூட்டத்தில் நெடுநேரம் நிற்கவோ இயலாத என் போன்றவனுக்கு, எந்த ஊர்க் கூத்து உயர்ந்தது என்ற விசாரத்துக்கு முன்னால், அதை எங்கே இருந்து பார்ப்பது என்ற கவலை வந்து நிற்கிறது. அந்தக் கவலையோடே மட்டக்களப்பு வடமோடிக் கூத்தையும் தொண்டைமண்டலத்துத் தெருக்கூத்தையும் பார்த்து வந்தவன் என்ற முறையில், இரண்டையும் இங்கே சீர்தூக்கிப் பார்க்க முயல்கிறேன்.

இரண்டும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பாரதக் கதையே இரண்டுக்கும் பிரதானம். இரவே இரண்டுக்கும் காலம். மத்தளமும் தாளமும் இரண்டுக்கும் உயிர். கூத்தன் தன் பாட்டைத் தானே பாடுகிறான். பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் ஏந்திக்கொள்ளும் வேளையில் ஆடுகிறான். ஆட்டம் உச்சத்தை எட்டும்போது சுழல்கிறான். வேறுபாடு, அந்தச் சுழற்சியை எத்திசைக்குக் காட்டுகிறான் என்பதிலே தொடங்குகிறது.

மட்டக்களப்பில் கூத்துக்கென்று மண்ணை உயர்த்தி வட்டமாகக் களரி கட்டுவார்கள். கூத்தைப் பழக்கும் ஆசிரியராகிய அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டுக்காரரும் களரியின் நடுவே நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆட, சபையோர் நாற்புறமும் சூழ்ந்திருப்பார்கள். எட்டு, நாலடி, பொடியடி, வீசாணம் என்று பெயர் பெற்ற ஆட்டங்களை மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணியும் சடங்கையும் முடித்த பின்னரே அரங்கேற்றம் நடைபெறும். வடமோடி வீரத்துக்கு உரியதாகையால் ஆட்டமும் கடுமையானது. அரசனாக வருபவன் தலையிலே கெருடம் என்னும் முடியும் இடையிலே கரப்புடுப்பு என்னும் விரிந்த உடையுமாக அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு, தன்னைத் தானே சுற்றியபடி களரியையும் சுற்றி வருகிறான். வட்டக்களரியில் முன்னிடம், பின்னிடம் என்ற பேதம் இல்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னேற வலுவில்லாதவன், கிடைத்த ஓரத்திலே தன் தடியை ஊன்றி அமர்ந்துவிட்டால், ஆட்டம் தானாகவே சுற்றி அவனிடம் வந்து சேருகிறது. ஒருகணம் கூத்தனின் முகமும் மறுகணம் முதுகும் அவனுக்குக் காட்சியாகின்றன.

தொண்டைமண்டலத்து ஏற்பாடு வேறு. செஞ்சி, செய்யாறு, காஞ்சிபுரம் முதலிய பிரதேசங்களில் திரௌபதியம்மன் திருவிழாவை ஒட்டிப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். ஆடுகளத்தின் பின்புறத்தில் ஆர்மோனியம், மத்தளம், முகவீணைக்காரர்கள் பெஞ்சு போட்டு அமர்ந்துகொள்ள, சபையோர் மூன்று பக்கத்திலும் தரையில் உட்காருவார்கள். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாட்டும் சலங்கை ஒலியுமே முதலில் எழும்; திரை விலகியதும், இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் தரித்த துரியோதனன், கிறிக்கி என்று அவர்கள் சொல்லும் அந்த வேகச் சுழற்சியில் புறப்படுகிறான். உடுப்பு குடையாக விரிகிறது. கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியை நாற்புறமும் வாரி இறைக்கின்றன. ஆனால் அந்தக் காட்சியின் பூரண சோபை நேர் எதிரே இருப்பவனுக்குத்தான். அந்த இடமோ அந்திப்பொழுதிலேயே பாய் விரித்தவர்களுக்கு உரியது. “அங்க எதுக்கு நசுங்கறீங்க? இப்படித் திண்ணைக்கு வந்துடுங்க, ஐயா” என்று எனக்கு இடம் விட்ட ஒரு முதியவரின் தயவினால் நான் பார்த்தது பக்கவாட்டுக் காட்சியை. அதில் முகபாவம் பாதி மறைந்தது. பாதங்கள் மட்டும் முற்றாகத் தெரிந்தன.

பாதங்களைப் பார்க்கும் வித்தையை எனக்குக் கற்பித்தவர் மட்டக்களப்பு அண்ணாவியார் ஒருவர். சதங்கை குலுங்க வீசி எறியப்படும் காலிலேயே நான் லயித்திருப்பதைக் கண்டு, “சுத்துற காலப் பாக்காத மனே, நிக்கிற காலப் பாரு” என்றார். அதன்பின் கவனித்தால், ஆச்சரியம் அனைத்தும் அங்கேதான் இருந்தது. குதி தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்புகிறது. பாரம் முழுவதும் முன்பாதத்திலே இறங்குகிறது. முழங்கால் விறைத்துவிடாமல் சற்றே மடிந்து, சுழற்சியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. வடமோடியில் அந்தக் கால் சுழன்றுகொண்டே வட்டத்தின் வழியே அடுத்த அடிக்கு இடம் பெயர வேண்டும். கிறிக்கியிலோ வேகம் எவ்வளவு ஏறினாலும் முடிவில் சபையை நோக்கித் துல்லியமாக வந்து நிற்க வேண்டும். முன்னதன் பரீட்சை பயணம்; பின்னதன் பரீட்சை நிறுத்தம். ஒவ்வொரு படியிலும் எந்தக் காலை நம்புவது என்று தீர்மானித்த பின்னரே அடியெடுத்து வைக்கும் பழக்கமுள்ளவனுக்கு இந்த நுட்பம் விளக்கமில்லாமலே விளங்குகிறது. நல்ல கால் உள்ளவர்கள், தம் உடம்பில் ஒருநாளும் யோசித்தறியாத காரியமாகையால், இதைக் காணாமலே கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.

கால் இழந்தவனையே நாயகனாக வைத்த நாடக வகை ஒன்றும் தமிழில் உண்டு. ஒற்றைக்கால் நாடகம் என்றும் வழங்கும் நொண்டி நாடகத்தில், தீய வழியிலே சென்று களவாடிய ஒருவன் தண்டனையாக உறுப்பை இழக்கிறான். பின்பு தெய்வத்தின் அருளாலோ வள்ளலின் ஆதரவாலோ அதைத் திரும்பப் பெறுகிறான். திருச்செந்தூர் நொண்டி நாடகமும் சீதக்காதி நொண்டி நாடகமும் இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழகத்தில் இந்த வகை பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தில் ஒதுங்கிவிட, அதன் சந்தமாகிய நொண்டிச் சிந்து மாத்திரம் பாரதியார் கைப்பட்டு, தேசத்தின் நிலைமைக்கு இரங்கும் பாட்டாகிப் புத்துயிர் பெற்றது. இலங்கையிலோ பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1963-இல் நொண்டி நாடகத்தை மேடையேற்றினார். உறுப்புக் குறையைப் பாபத்தின் கூலியாக வைக்கும் அந்தக் கதையை என்னால் மனமொப்பி ஏற்க முடிவதில்லை. குணமாகாத காலோடும் கௌரவமாக வாழ்ந்து முடித்தவர்கள் அனேகர். என்றாலும், ஒற்றைக் காலில் தாளம் பிசகாமல் ஆடுவதற்கு இரண்டு கால்களிலும் அசாத்திய வலு வேண்டியிருக்கிறது என்ற வேடிக்கையை எண்ணும்போது, நொண்டியைப் பரிகசிக்க வந்த ஆட்டம் நொண்டியின் உழைப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போவதாகவே தோன்றுகிறது.

அதே பேராசிரியர்தாம், 1956-இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரர் சிங்கள நாடகமரபைக் கொண்டு ‘மனமே’ என்ற நாடகத்தைப் படைத்ததைப் பின்பற்றி, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 1962-இல் ‘கர்ணன் போர்’ தொடங்கிக் கூத்துக்களைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். விடியும் வரை நடந்தது ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கியது. மண்தரைக்குப் பதில் நாற்காலி வந்தது. என் காலுக்கு அது பெரும் உபகாரம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் நாற்புறமும் பார்த்து ஆடப் பிறந்த ஆட்டம் ஒரு பக்கத்துக்கே முகங்காட்டத் தொடங்கியதும், கூத்தனின் முதுகிலும் தோளிலும் தெரிந்த சிரமமெல்லாம் மறைந்து, அலங்காரம் மட்டும் எஞ்சிற்று. சௌகரியத்துக்கு நாம் கொடுத்த விலை அது.

இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வட்டக்களரியை வட்டமாகவே விட்டு, அதன் விளிம்பில் ஒரு பக்கம் நாலு வாங்குகளைப் போட்டு வைத்தால் மட்டக்களப்பில் குறை தீரும். ஊர்ப் பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறவர்கள், நேர் எதிரே சில இடங்களைத் தரையில் உட்கார இயலாதவர்களுக்கென்று ஒதுக்கினால் தொண்டைமண்டலத்திலும் தீரும். களரி கட்டவும் கொட்டகை போடவும் வீடுதோறும் வரி திரட்டுகிற ஊருக்கு இது ஒரு செலவாகாது. கூத்து ஊராருக்கெல்லாம் பொது என்று இரண்டு தேசத்தாரும் பெருமை பேசுகிறார்கள். நடக்க இயலாதவனுக்கும் ஓர் ஆசனம் இட்ட பிறகு அந்தப் பெருமையை அவர்கள் தாராளமாகப் பேசலாம்.