முதிய உடல், தடுப்பூசி, பயணம் – சில குறிப்புகள்

'ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டுப் பெருசுங்க ஊர் சுத்துதுங்க. ஒரு ஊசிகூடக் கெடைக்காத நாம வீட்ல கெடக்கோம்.'

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத, குறைந்தபட்சம் கேட்காத இளைஞர்கள் நம்மிடையே குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. சொன்னது என் அம்மாவிடம். எனவே இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க முற்படும் நான் பிரதிக்கு வெளியே நிற்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மார்ச் 1ஆம் தேதி தடுப்பூசி தொடங்கியபோது முதல் வாரத்திலேயே போட்டுக்கொண்டாள். ஏப்ரல் தொடக்கத்தில் இரண்டாவதும் ஆயிற்று. மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, மே 8. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கிய நாளும் அதுதான். சேரன்மகாதேவிப் பக்கம் படுக்கையில் கிடந்த பெரியம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

'எய்யா, ரெண்டு ஊசி போட்டாச்சுல்லா? அக்கா மொகத்த ஒருதடவ பாத்துட்டு சாயங்காலமே திரும்பிருதேன். டவுன் பஸ்ல பொம்பளையாளுக்கு இன்னைலருந்து டிக்கெட்டுங் கெடையாதாம்.'

'ஒனக்கு ஒண்ணும் ஆகாது. நீ அங்கருந்து கொண்டாந்து குடுத்தா சாவப்போறது நாந்தான்' என்றேன். பையில் எடுத்து வைத்த சேலையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அதன்பின் அதுபற்றி அவள் பேசவில்லை.

1

மேற்கண்ட வாக்கியத்தின் இலக்கணத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 'பெருசு' அஃறிணைச் சொல். 'சுத்துதுங்க' என்பதும் அஃறிணை வினைமுடிபு. அறுபதைத் தாண்டியவர்கள் ஒரே வாக்கியத்தில் உயர்திணையிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். அடுத்து 'நாம'. இது கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் தன்மைப் பன்மை. திருப்பூர்த் தையல் தொழிலாளியும், உணவுப் பொட்டலம் சுமந்து வண்டியோட்டிய பையனும், வீட்டிலிருந்தபடி கணினியில் வேலை பார்த்துச் சம்பளம் குறையாதவரும் இந்த 'நாம'வுக்குள் ஒரே 'இளைய தலைமுறை' ஆகிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் 'ஊர் சுத்துதல்'. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போன கிழவியும், ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்த கிழவரும், சுற்றுலா விடுதியில் அறை எடுத்த ஓய்வுபெற்ற அதிகாரியும் இந்த ஒரு சொல்லில் கரைந்துபோகிறார்கள்.

முக்கியமான சொல் இவை எதுவுமல்ல. 'கெடைக்காத' என்பதுதான். 'கொடுக்காத' என்று சொல்லியிருந்தால் யார் கொடுக்கவில்லை என்ற கேள்வி உடனே வந்திருக்கும். 'கிடை' என்ற வினைக்குக் கொடுப்பவன் தேவையில்லை. மழை கிடைக்காததுபோல ஊசியும் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில், கண்ணுக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கிழவி வந்து நின்றுகொள்கிறாள். குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

2

மறைந்துபோன அந்த எழுவாயைத் தேடினால் அகப்படுவது என்ன? ஏப்ரல் 1இல் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் மே 1இல் பதினெட்டைக் கடந்தவர்களுக்கும் தடுப்பூசி திறந்துவிடப்பட்டது. முந்தைய வயதினருக்கு ஒன்றிய அரசு வாங்கிக் கொடுத்தது. பதினெட்டிலிருந்து நாற்பத்துநான்கு வரை உள்ளவர்களை மட்டும் மாநில அரசுகளின் தலையிலும் தனியார் சந்தையின் தலையிலும் கட்டியது. தனியார் மருத்துவமனைகளுக்கு நிறுவனங்கள் அறிவித்த விலை கோவிஷீல்டு 600 ரூபாய், கோவாக்சின் 1,200 ரூபாய். அதுவும் இணையத்தில் பதிந்து நேரம் கிடைத்தவனுக்குத்தான். தமிழ்நாட்டில் இந்த வயதினருக்கான ஊசி திருப்பூரில் தொடங்கிவைக்கப்பட்டபோது மே 20 ஆகிவிட்டது. இந்தக் கொள்கை மேலோட்டமாகப் பார்க்கும்போதே தன்னிச்சையானது, பகுத்தறிவற்றது என்று உச்ச நீதிமன்றம் மே 31இல் சொல்லவேண்டியிருந்தது. ஜூன் 21இல்தான் எல்லோருக்கும் இலவசம் என்றானது.

ஆக, இளையவர்களின் கோபம் பொய்க் கோபம் அல்ல. வேலையை இழந்தவர்கள், நோய்க்கு நடுவே வேலைக்குப் போயே ஆகவேண்டியிருந்தவர்கள், தங்கள் உயிருக்கு விலை ஒட்டப்பட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். என் கேள்வி, நியாயமான இந்தக் கோபம் தில்லியை நோக்கிப் போகாமல் அடுக்களையை நோக்கித் திரும்பியது எப்படி என்பதுதான். பற்றாக்குறையைப் பரிமாறியது அரசு. வரிசையில் முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் ஒரே வீட்டுக்குள் இருந்ததால் சண்டை அங்கேயே நடந்து முடிந்துவிட்டது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஜெர்மனியில் 2021 மே மாதம் இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கு இரவு ஊரடங்கிலிருந்தும் சந்திப்புக் கட்டுப்பாடுகளிலிருந்தும் விலக்கு அளித்தார்கள். ஊசி அங்கும் முதியவர்களிடமிருந்தே தொடங்கியிருந்தது. உங்களைக் காக்கத்தானே ஒரு வருடம் அடைந்து கிடந்தோம், இப்போது நீங்கள் பயணம் போக நாங்கள் காவல் இருப்பதா என்று இளையவர்கள் கேட்டார்கள். மறுப்பதற்கில்லாத கேள்வி. ஆனால் ஒருவர் நடமாடும் உரிமையை இன்னொருவருடைய பாக்கியிலிருந்து கழிக்கிற கணக்கு அதற்குள் ஒளிந்திருக்கிறது.

3

இனி முதியவர் பக்கம். 2020 மே 30ஆம் தேதிய ஒன்றிய உள்துறை ஆணை அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களை, அத்தியாவசிய, மருத்துவத் தேவைகளுக்கன்றி, வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தியது. அதற்கும் முன்பே, 2020 மார்ச் 20இல், ரயில்வே மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகையை நிறுத்திவிட்டது. அறுபது கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும் ஐம்பத்தெட்டு கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை அது. அநாவசியப் பயணத்தைத் தடுக்க, அவர்கள் நன்மைக்காக. ஊரடங்குகள் முடிந்தன, ரயில்கள் நிரம்பின, சலுகை திரும்பவில்லை. அதை மீண்டும் தருவது விரும்பத்தக்கதல்ல என்று 2022 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. முதல் இரண்டாண்டுகளில் மட்டும் சலுகையின்றிப் பயணித்த மூத்தோர் 7 கோடியே 31 லட்சம் பேர். அவர்களிடமிருந்து கூடுதலாக வந்தது சுமார் 1,500 கோடி ரூபாய் என்று தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெறப்பட்ட விவரம் சொல்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லாடல் எங்கே முடிந்து கல்லாப்பெட்டி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கஷ்டம்.

பயணி என்றாலே சந்தேகத்துக்குரிய உடல் என்பது பழைய சமாச்சாரம். 2020இல் தூசி தட்டி எடுக்கப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம் 1897இல், பம்பாய் பிளேக்கின்போது பிறந்தது. ரயிலில் பயணிப்பவர்களைப் பரிசோதிக்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஃபூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலில் கண்காணிப்புக் கோபுரம் பற்றிய அத்தியாயம் பிளேக் பிடித்த நகரத்திலிருந்து தொடங்குவது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் இங்கே நம் கோட்பாட்டு மொழியின் வசதியையும் சந்தேகிக்க வேண்டும். எல்லாமே அதிகாரத்தின் ஏற்பாடு என்று சொல்லிவிடுவது சுலபம். 2020 பிப்ரவரியில் அகம்பென் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். இத்தாலியில் அடுத்து விழுந்த பிணங்கள் அந்தக் கட்டுரையைப் பார்த்துச் சிரித்தன. டெல்டா நிஜம். ஊசி கடும் நோயிலிருந்தும் சாவிலிருந்தும் பெருமளவு காத்தது, தொற்றையும் பரவலையும் முழுதாகத் தடுக்கவில்லை என்பதும் நிஜம். என் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. அம்மா கட்டாயம் போயிருக்க வேண்டும் என்று நான் இங்கே வாதிடவில்லை. முகக்கவசம், கூட்டமில்லாத நேரத்துப் பேருந்து, திரும்பி வந்தபின் சில நாள் தனி அறை என்று பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒரு விஷயத்தை நான் பேசாமலே தீர்த்தேன். அதிகாரம் நுண்ணியது, எங்கும் பரவியிருப்பது என்று கூட்டங்களில் பேசிய நானேதான் அன்று வீட்டு வாசலில் சோதனைச் சாவடியாக நின்றேன்.

4

மே 17 முதல் மாவட்டத்துக்குள் போவதற்கும் இ-பதிவு வேண்டும் என்றார்கள். அனுமதிக்கப்பட்ட காரணங்கள்: திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, மருத்துவ சிகிச்சை, முதியோர் பராமரிப்பு. அந்த வாரத்திலேயே பெரியம்மா சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனாள். கொரோனா அல்ல. நான் உட்கார்ந்து 'இறப்பு' என்று பதிந்தேன். வாடகைக் காரில் போனோம். அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

பல மாதங்கள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. சாவதற்கு முந்தைய நாட்களில் 'முதியோர் பராமரிப்பு' என்று பதிந்து அம்மாவை அனுப்பியிருக்கலாம். எழுபத்திரண்டு வயதுக்காரியைப் பார்த்துக்கொள்ள அறுபத்தாறு வயதுக்காரி போவதற்கு அந்தக் காரணம் பொருந்தாதா என்ன? அது என் மண்டையில் ஏறவே இல்லை. முதியோர் என்றால் பராமரிக்கப்படுகிறவர், பராமரிக்கிறவர் நம்மைப்போன்ற இளையவர் என்று எனக்குள் எழுதிவைக்கப்பட்டிருந்தது. முதியவர் ஒரு பயணத்துக்குக் காரணம் ஆகலாம். தானே முடிவெடுத்துக் கிளம்பும் பயணி ஆக முடியாது. அரசாணைக்கும் எனக்கும் இதில் கருத்து வேறுபாடே இல்லை.

எம்.ஏ. தமிழில் பிசிராந்தையாரை நட்புக்கு உதாரணமாகப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடிப் பாண்டிய நாட்டிலிருந்து வந்தவர். பல ஆண்டுகள் ஆகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்கப்பட்டவர். அதை வயதான ஓர் உடல், சாகப்போகிற இன்னோர் உடலை நோக்கிச் செய்த பயணம் என்று வாசிக்க எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்கு ஒரு மகன் இருந்து வாசலில் மறித்திருந்தால் புறநானூற்றில் சில பாட்டுகள் குறைந்திருக்கும்.

பற்றாக்குறைக் காலத்தில் யாருக்கு முதலில் என்பதை வயதை வைத்துத் தீர்மானிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. அதிகம் சாகக்கூடியவர்களுக்கு முதலில் கொடுத்தது சரிதான். ஆனால் கொடுத்த ஊசியை 'உயிரோடு இரு' என்ற அளவோடு நிறுத்திக்கொண்டோம். எதற்காக உயிரோடு இருப்பது என்று அம்மா கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அக்காவைப் பார்ப்பதற்கு என்பது அவளுடைய பதிலாக இருந்திருக்கும்.

இன்னொரு தொற்று வரும்போது, இன்னொரு வரிசை நிற்கும்போது, 'கெடைக்கல' என்பதைக் 'கொடுக்கல' என்று மாற்றிச் சொல்ல இளையவர்களும் முதியவர்களும் சேர்ந்து கற்றுக்கொள்ள முடியுமா? இதை நண்பர்கள் விவாதிக்க வேண்டும்.