சிறைப்புறமும் மதிலும்: பஷீரின் 'மதிலுகள்' - ஒரு நோக்கு

முன்னுரை

வைக்கம் முகம்மது பஷீரின் (1908–1994) 'மதிலுகள்' 1965இல் நூலாக வெளிவந்த சிறு புதினம். திருவிதாங்கூர் ஆட்சிக்கு எதிரான எழுத்துக்காக 1940களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் மத்திய சிறையில் அவர் அடைபட்டிருந்த காலமே இதன் களம். ஆண் சிறைக்கும் பெண் சிறைக்கும் இடைப்பட்ட மதிலின் இருபுறமும் நின்று பஷீர், நாராயணி என்னும் இரு கைதிகள் காதல் கொள்கின்றனர். ஒருவரை ஒருவர் காண்பதேயில்லை. காதலா விடுதலையா என்னும் வினாவை எழுப்பும் கதையாகவே இது பெரிதும் பேசப்படுகிறது. அதற்கு முன்னதாக, இக்காதல் எத்தகைய பேச்சால் நிலைபெறுகிறது எனக் காண்பது தேவை. சங்க அகப்பாடல்களின் 'சிறைப்புறம்' என்னும் கூற்றுமரபு இதற்குத் துணைசெய்யும். பஷீர் அம்மரபைப் பின்பற்றினார் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒப்புமை பேச்சுச் சூழல் பற்றியது.

1. சொற்பொருள்

தமிழில் 'சிறை' என்பது காவல், மதில், பக்கம், அணை, சிறகு எனப் பல பொருள் தரும். மலையாளத்தில் இதற்கு இணையான 'சிற' நீரைத் தடுக்கும் கரையைக் குறிக்கும். திருவனந்தபுரம் மாவட்டத்துச் 'சிறயின்கீழ்' என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல்லைக் காணலாம். இப்பொருள்களுட் பலவற்றை இணைப்பது தடுப்பு என்னும் கருத்தே. அகப்பாடலில் தலைவன் வேலிக்கோ சுவருக்கோ அப்பால் நிற்பான். தோழி தலைவியை நோக்கிப் பேசுவாள். உண்மையில் கேட்க வேண்டியவன் தலைவனே. ஆகவே தடுப்பு பேச்சை நிறுத்துவதில்லை. அதன் வடிவை வரையறுக்கிறது.

2. காட்சியும் குரலும்

களவொழுக்கம் காட்சியில் தொடங்குவது. 'மதிலுகள்' இவ்வரிசையை மாற்றிவிடுகிறது. இங்குக் குரலே முதல். காட்சி இறுதிவரை ஒத்திவைக்கப்படுகிறது. நாராயணி தான் வந்திருப்பதை உலர்ந்த குச்சியொன்றை மேலே எறிந்து அறிவிக்கிறாள். சிறை மருத்துவமனையில் சந்திக்க முடிவு செய்யும்போது, ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அடையாளங்கள் பேசப்படுகின்றன: அவளுக்குக் கன்னத்து மச்சம், அவருக்குக் கையில் ரோஜா. குரலால் முழுமையாக அறிமுகமான இருவருக்கு முகத்தை அறிய அடையாளம் தேவைப்படுகிறது என்பது எண்ணத்தக்கது.

உடன் இருந்த அரசியல் கைதிகள் விடுதலையான பின், தனித்துவிடப்பட்ட பஷீர் தப்பியோடவும் எண்ணுகிறார். அவர் வளர்த்த ரோஜாச் செடிகள் முன்பே அங்கு இருந்தன. நாராயணி ஒரு செடி கேட்ட பிறகே அவ்வுழைப்புக்குப் பெறுநர் ஒருவர் அமைகிறார். கேட்பவர் இல்லாத பேச்சு எவ்வாறு நிறைவுறாதோ, அவ்வாறே பெறுநர் இல்லாத செயலும். சிறைவாழ்வில் நோக்கம் என்பது இவ்வாறு மற்றொருவரை முன்னிலையாகக் கொண்டு பிறப்பதாகும்.

1990இல் திரைக்கு வந்த அடூர் கோபாலகிருஷ்ணனின் படமும் நாராயணியைக் காட்டவில்லை; கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டுமே ஒலிக்கிறது. இம்முடிவு கதைக்கு உண்மையானது. எனினும் எழுத்தில் நாராயணியின் குரலுக்கு ஒலியில்லை. படிப்பவரே அதை அமைத்துக்கொள்கிறார். புகழ்பெற்ற நடிகையின் குரலோ அறிந்த முகமொன்றை உடன் கொணர்கிறது. ஆற்றல் மிக்க அந்நடிப்பு மதிலைச் சற்றே தாழ்த்திவிடுகிறது எனலாம்.

3. வரைவு

சிறைப்புறக் கூற்றுகளுட் பலவற்றின் குறிக்கோள் வரைவு கடாதல், அதாவது மணந்துகொள்ளத் தூண்டுதல். 'வரைவு' எல்லையையும் மணத்தையும் குறிக்கும் சொல். எல்லைக்கு அப்பால் நிற்பவனை மணம் என்னும் எல்லைக்குள் அழைப்பதே அப்பேச்சு. 'மதிலுக'ளில் அவ்வழைப்பு நிறைவேறுவதில்லை. சந்திப்புக்கு முன்பே பஷீருக்கு விடுதலை ஆணை வருகிறது. அடையாளமாக அமைய வேண்டிய ரோஜா சிறைக்கு வெளியே பொருளிழந்த குறியாகக் கையில் எஞ்சுகிறது. இனிக் குச்சி எழுந்தாலும் விடைதர மதிலின் இப்பக்கம் குரல் இல்லை.

முடிவுரை

விடுதலையை இழப்பாக உணரும் ஆணின் துயரைக் கொண்டே இக்கதையைப் போற்றுவது பாதி வாசிப்பாகும். சங்கத் தலைவி இற்செறிக்கப்பட்டவள். சிறைப்புறத்தில் நிற்கும் தலைவனோ வந்து மீளும் உரிமையுடையவன். திருவனந்தபுரத்து மதிலின் இருபுறமும் சிறையாக இருந்த நாள்களில் மட்டுமே அவ்வேறுபாடு மறைகிறது. நீண்ட தண்டனை பெற்ற நாராயணியும் பஷீரும் நேர்நிகராகப் பேச முடிகிறது. கதவு திறந்தவுடன் பழைய நிலை திரும்புகிறது: அவர் வெளியே, அவள் உள்ளே. கதையைச் சொல்பவர் வெளியேறியவர். நாராயணியின் எஞ்சிய ஆண்டுகளைச் சொல்ல எவரும் இல்லை. அவளது மௌனத்தையும் ஒரு கூற்றாகக் கொண்டு படிக்கும்போதே இப்புதினத்தின் தலைப்பிலுள்ள பன்மை முழுப்பொருள் பெறும்.