அடுக்கிய பெட்டியும் தேடும் கையும்

பெட்டி அடுக்கக் கற்றுத்தரும் காணொளிகள் எல்லாம் ஒரே இடத்தில் முடிகின்றன. சட்டைகளைச் சுருட்டுகிறார்கள், கால்சட்டைகளைச் சின்னச் சின்ன ஜிப் பைகளுக்குள் போடுகிறார்கள், அந்தப் பைகளைச் செங்கல் அடுக்குவதுபோல் சூட்கேசுக்குள் இறக்குகிறார்கள், மூடுகிறார்கள். அதோடு சரி. அதே பெட்டி, விழுப்புரம் தாண்டிய நள்ளிரவில் கீழ் பெர்த்துக்கு அடியிலிருந்து இழுக்கப்படுவதையோ, கல்யாண மண்டபத்தின் ஒற்றை அறையில் பத்துப் பேருக்கு நடுவே திறக்கப்படுவதையோ, மூன்றாம் நாள் ஈரத் துண்டோடு மல்லுக்கட்டி மூடப்படுவதையோ யாரும் படம் எடுப்பதில்லை. ஒழுங்கின் சோதனை அங்கேதான் நடக்கிறது. மூடும்போது அழகாக இருக்கும் பெட்டிக்கு நாம் கைதட்டுகிறோம். திறக்கும்போது அது என்ன செய்கிறது என்று கேட்பதில்லை.

பேக்கிங் க்யூப் என்ற பெயரில் இப்போது விற்கும் துணிப் பைகளை வெறும் மோகம் என்று தள்ளிவிட முடியாது. ரயிலில் கம்பளியும் விரிப்பும் கொடுக்காத காலத்தில் நடுத்தரக் குடும்பங்கள் சுமந்த ஹோல்டாலும் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்தது. கெட்டித் துணியில் தைத்த நீளமான விரிப்பு. தலைமாட்டில் ஒரு பை, கால்மாட்டில் ஒரு பை. நடுவே ஜமுக்காளமும் போர்வையும். சுருட்டி வாரால் இறுக்கினால் மூட்டை, அவிழ்த்தால் படுக்கை. திறப்பதற்கென்று அது தனி இடம் கேட்டதில்லை. இன்றைய கெட்டி ஓடு போட்ட ட்ராலிகள் இந்த விஷயத்தில் பின்னால் போய்விட்டன. நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் விரிவதால், மூடியிருக்கும்போது பிடிக்கும் தரையைப்போல் இரண்டு மடங்கு தரை வேண்டும். கோயில் ஊர் லாட்ஜில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இரண்டடியில் அது விரியாது. கட்டில்மேல் விரிக்கலாம், பிறகு படுப்பதற்கு இடம் தேட வேண்டும். இப்படிப்பட்ட அறையில், பெட்டியைப் பாதி திறந்து ஒரு க்யூபை மட்டும் உருவி எடுத்துவிட்டு மறுபடி சாத்திவிட முடிகிறது என்பது சின்ன வசதி இல்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லும்போது உள்ளாடைகள் நாலு பேர் பார்க்க மேசைமேல் பரவாமல் இருப்பதும் அந்தப் பைகளின் புண்ணியம்தான்.

சுருட்டினால் இடம் மிச்சம் என்கிற பிரசாரம் மட்டும் பாதி உண்மை. மடித்தாலும் சுருட்டினாலும் துணி அதே துணிதான். குறைவது நடுவில் அடைபட்ட காற்று. டி-சர்ட், பனியன், நைட்டி, லெகிங்ஸ் போன்றவை சுருட்டலுக்கு இசைகின்றன, பெட்டியின் மூலைகளிலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி இசையாது. பட்டுப் புடவையை அப்படி நடத்தவே கூடாது. சரிகை, மடிப்பு விழும் இடத்தில்தான் முறியும்; அதனால்தான் பீரோவில் இருக்கும்போதே அவ்வப்போது பிரித்து மடிப்பை மாற்றி வைக்கிறார்கள். அப்படிப்பட்ட புடவையைக் காற்றை வெளியேற்றி நசுக்கும் கம்ப்ரஷன் க்யூபில் திணிப்பதைவிட, பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது எவ்வளவோ மேல். காணொளிகள் சொல்லும் யோசனைகளில் பல, டி-சர்ட்டும் ஜீன்ஸும் மட்டுமே உடை என்றிருப்பவர்களிடமிருந்து வந்தவை. அவர்களுக்கு அவை சரியே.

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிய மரி கோண்டோவின் புத்தகம் 2014-இல் ஆங்கிலத்துக்கு வந்த பிறகு, துணிகளைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. மேசை இழுப்பறையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. இழுப்பறை படுத்த நிலையிலேயே இருக்கிறது, மேலிருந்து பார்த்தால் எல்லாத் துணியும் தெரிகிறது. சூட்கேசோ பாதி வாழ்நாளைச் சக்கரத்தின்மேல் நின்றுகொண்டு கழிக்கிறது. நிறுத்தி அடுக்கியவை எல்லாம் முதல் படிக்கட்டிலேயே சரிந்து சக்கரப் பக்கம் குவிந்துவிடும். வீட்டு ஒழுங்கை அப்படியே பெட்டிக்குள் கொண்டுபோக முடியாததற்கு இது ஓர் அடையாளம்.

என் முக்கியமான புகார் வேறு. இந்த முறைகள் எல்லாம் பொருளை அதன் வகையை வைத்துப் பிரிக்கச் சொல்கின்றன: சட்டைக்கு ஒரு பை, உள்ளாடைக்கு ஒரு பை, சார்ஜருக்கு ஒரு பை, ஒப்பனைப் பொருளுக்கு ஒரு பை. கடையில் சரக்கு அடுக்குவதற்கு அது பொருந்தும். பயணத்தில் கேட்க வேண்டியது ஒன்றே: இது எப்போது வெளியே வர வேண்டும்?

ஓர் உறவுக்காரக் கல்யாணத்துக்கு வெளியூர் போகும் நான்கு பேர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாலையில் வரவேற்பு, மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊர் திரும்பல். வகைப்படி அடுக்கினால் புடவைகள் ஒரு பையில், பிளவுஸ்கள் ஒரு பையில், உள்பாவாடைகள் இன்னொன்றில், வளையலும் ஊக்கும் பக்கவாட்டுப் பையில். பார்க்க அருமையாக இருக்கும். வரவேற்புக்குத் தயாராக இந்த நான்கையும் திறக்க வேண்டும். முகூர்த்தத்துக்கு மறுபடி இந்த நான்கையும் திறக்க வேண்டும். அதுவும் காலை நாலரை மணிக்கு, ஒற்றைக் குளியலறைக்கு வரிசை நிற்கும்போது, “அத்தை, ஊக்கு இருக்கா?” என்று பக்கத்துப் பாயிலிருந்து குரல் வரும்போது. ‘அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது’ என்பார்கள். ஜிப் பைக்குள் எங்கே போகும்? கல்யாணத்துக்குப் போய் இறங்கியபின் வீட்டிலேயே தங்கிவிட்டது தெரியவரும் பொருள் எது என்று பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் புடவைக்குரிய பிளவுஸ்தான். வகைப்படி அடுக்கும்போது ‘பிளவுஸ் பையில் மூன்று இருக்கிறது’ என்று கண் திருப்திப்பட்டுவிடுகிறது. அந்த மூன்றில் அரக்குப் பட்டுக்கானது இல்லை என்பது தெரிவதில்லை.

அதே சாமான்களை நேரப்படி அடுக்கினால், வரவேற்புக்கு ஒரு பை: புடவை, அதன் பிளவுஸ், அதன் உள்பாவாடை, மாலைக்கான நகைப்பெட்டி, ஒரு சிட்டிகை ஊக்கு, கணவரின் பேன்ட் சட்டை, பிள்ளையின் உடை. முகூர்த்தத்துக்கு இன்னொரு பை: பட்டு, வேட்டி, அங்கவஸ்திரம். ஒரு சமயத்தில் ஒரு பைதான் திறக்கும். எது விட்டுப்போனாலும் வீட்டில் அடுக்கும்போதே அந்த செட்டில் ஓட்டை தெரிந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த க்யூப் வேண்டியதில்லை, ஜவுளிக்கடை கட்டைப்பை போதும். க்யூபின் குற்றம் அதன் தையலில் இல்லை. அதற்குள் எதைச் சேர்த்து வைக்கச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

நேரத்தை வைத்துப் பிரிக்கும் புத்தி நம்மிடம் புதிதல்ல. சபரிமலை இருமுடியைப் பாருங்கள். முன்முடியில் நெய்த்தேங்காய் முதலான பூஜைப் பொருள்கள். பின்முடியில் வழிக்கு வேண்டிய உணவுப் பொருள்கள். பின்முடி போகிற வழியில் அவிழும், முன்முடி மலைமேல் போய்ச் சேரும்வரை அவிழாது. எப்போது அவிழ்ப்பது என்பதே அந்தப் பிரிவின் இலக்கணம். (அந்தத் தேங்காயைக் கேபினில் எடுத்துப்போக விமானப் பாதுகாப்பு விதி இடம் தராததால், 2022-லும் 2024-லும் சீசனுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டிவந்தது.)

விமான நிலையமும், கட்டாயத்தின் பேரில்தான் என்றாலும், இதே பாடத்தைத்தான் நடத்துகிறது. 2006 ஆகஸ்டில் பிரிட்டனில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டு விமானங்களில் கைப்பைக்குள் போகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு லிட்டர் பைக்குள் என்று விதி வந்தது. பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினை, சரக்கறைக் குளிரில் உறைந்துவிடலாம் என்பதால், கைப்பையிலேயே வைக்கச் சொல்கிறார்கள். இவற்றில் எதுவும் காணொளிகள் பிரிக்கும் வகையைப் பார்க்கவில்லை. எது எப்போது கைக்கு எட்ட வேண்டும் என்பதையே பார்க்கின்றன. ஒப்பனைப் பொருள் என்று ஒரே பையில் போட்டு வைத்தவர், ஷாம்பூவை ஒரு பக்கமும் சீப்பை இன்னொரு பக்கமுமாகச் சோதனை வரிசையில் நின்றுகொண்டு பிரிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது எடை. கம்ப்ரஷன் க்யூப் சுருக்குவது கன அளவை. கவுன்டரில் கேட்பதோ கிலோ. உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்புக்குப் பெரும்பாலும் செக்-இன் 15 கிலோ, கையில் 7 கிலோ. அந்த ஏழில் ட்ராலியே இரண்டரை, மூன்று கிலோவைத் தின்றுவிடும். க்யூப்கள் தம் பங்குக்குச் சில நூறு கிராம் எடுத்துக்கொள்ளும். அடுக்கிய பிறகு இடம் மிச்சமிருப்பதைப் பார்த்ததும், ‘இன்னும் ரெண்டு வைக்கலாமே’ என்று கை போகும். ஒழுங்கு இங்கே ஒரு துரோகம் செய்கிறது: குறைவாக எடுத்துப்போக உதவ வந்தது, அதிகமாக எடுத்துப்போகக் கற்றுத்தருகிறது.

இதற்குப் பழைய உடந்தை சக்கரம். பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் சக்கரம் வைத்த சூட்கேசுக்கு 1972-இல் காப்புரிமை பெற்றார். விமானி ராபர்ட் பிளாத் 1987-இல் அதை நிமிர்த்தி, நீளும் கைப்பிடி வைத்து இழுக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். தோள் வலிக்காததால் எத்தனை கிலோ என்று உடம்புக்குத் தெரியாமல் போனது. ரயிலில் இந்தக் கணக்கு இன்னும் மங்கலானது. ஸ்லீப்பரில் 40 கிலோ, ஏசி இரண்டடுக்கில் 50 கிலோ வரை இலவசம் என்று விதி இருக்கிறது, எடை போட்டுப் பார்ப்பவர்தான் அபூர்வம். பெர்த்துக்கு அடியில் நுழையுமா என்பதே நடைமுறை அளவுகோல். அதனால் ரயில் பயணிக்குச் சுருக்கும் பை உண்மையிலேயே பயன் தருகிறது, விமானப் பயணிக்கு அவ்வளவாக இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பையை, ஒரே பெருமை சொல்லி விற்கிறார்கள்.

திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் பேசுவதேயில்லை. போகும்போது தேய்த்து மடித்த துணி. வரும்போது வியர்வையும் ஈரமுமாகக் கசங்கிய துணி, அதே எண்ணிக்கையிலும் கூடுதல் இடம் கேட்கும். கூடவே திருநெல்வேலி என்றால் அல்வா, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், கல்யாணம் என்றால் தாம்பூலப் பை. இதையெல்லாம் கணக்கில் கொள்ளாத அடுக்கு, பாதி அடுக்குதான். அழுக்கை அழுத்திப் பூட்டும் க்யூபுக்குள் ஈரம் வெளியேற வழியில்லை. நம் வெப்பத்தில் ஒரே நாளில் முடை நாற்றம் வந்துவிடும். போகும்போது ஒரு காலிக் கட்டைப்பையை மடித்து அடியில் வைத்துக்கொண்டு, வரும்போது அழுக்கையெல்லாம் அதில் போட்டு, பெட்டிக்கு வெளியே கொண்டுவருவது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். வலையடைப்பு வைத்த விலையுயர்ந்த பைகளைவிட அது தேவலை.

கடைசியாக ஒன்று, இந்தக் காணொளிகள் தொடாதது. அவற்றில் வருபவர் எப்போதும் தனியாள். அவரே அடுக்குகிறார், அவரே எடுக்கிறார். குடும்பப் பயணத்தில் அடுக்குபவர் ஒருவர், எடுப்பவர்கள் நால்வர். “அம்மா, என் பனியன் எங்க?” “நீலப் பைல, துண்டுக்குக் கீழ பாரு.” அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறார். பெட்டி எத்தனை நேர்த்தியோ அத்தனைக்கு அதன் வரைபடம் அவர் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. பயணம் முழுக்க அவர் ஸ்டோர் கீப்பராகவே இருக்க வேண்டியதுதான். குழப்பமான பெட்டி என்றால் எல்லோருமே தேடுவார்கள், அதில் ஒரு சமத்துவமாவது இருந்தது. ஆளுக்கொரு நிறத்தில் பை கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்வதும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. நேரப்படி அடுக்குவதற்கும் ஆள்படி அடுக்குவதற்கும் ஆகாது. இரண்டையும் ஒரே பெட்டியில் செய்யப்போனால் எதுவும் நிற்காது. விசேஷத்துக்கான செட்டுகளை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அன்றாட உடையை, பள்ளிக்கூடப் பையைத் தானே அடுக்கத் தெரிந்த பிள்ளை முதல் வீட்டுக்காரர் வரை, அவரவர் அவரவர் பையில் வைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரர் தானே அடுக்கினால் மூன்று சட்டையும் ஒற்றைக் காலுறையும்தான் வரும், உள்பனியன் வராது. வராவிட்டால் என்ன, மண்டபம் இருக்கும் தெருவில் பனியன் கடையா இருக்காது?