கை சுத்தம்

ஒருவரைக் கை சுத்தமானவர் என்றால், அவரை நம்பிக் கல்லாவில் உட்கார வைக்கலாம் என்று அர்த்தம். லீட் கிட்டார் வாசிப்பவரைப் பற்றியும் நான் இதே சொல்லைத்தான் சொல்வேன். ஒரு ஸ்வரத்துக்கு உரிய நேரத்தைப் பக்கத்துத் தந்தியின் இரைச்சல் திருடாமல் பார்த்துக்கொள்கிறாரா? அப்படியானால் அவர் இடது கை சுத்தம். வேகமெல்லாம் அதற்கப்புறம்.

இடது கையில் பல பாணிகள் உண்டு. அவை பிரிவது, பெரும்பாலும் தந்தியையே தொடாத கட்டைவிரலில் என்பதுதான் வேடிக்கை. செகோவியா வழிவந்த கிளாசிக்கல் கிட்டாரில் கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் நிற்கும். மற்ற நான்கும் ஃபிரெட்டுக்கு, அதாவது கிட்டாரின் மெட்டுக்கு, ஒன்றாகக் காத்திருக்கும். ப்ளூஸ்காரர்களோ மண்வெட்டியைப் பிடிப்பதுபோலக் கட்டைவிரலை மேலே கொண்டுவந்து கழுத்தைக் கவ்வுவார்கள். முதலாவது ஒழுங்கு, இரண்டாவது சோம்பல் என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். பல வருஷம் நம்பினேன். தந்தியைத் தள்ளி வளைக்கும் பெண்ட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கட்டைவிரல் மேலே கொக்கி போட்டால்தான் மணிக்கட்டு சாவி திருப்புவதுபோலத் திரும்பும். பலம் அங்கிருந்து வர வேண்டும், விரல் நுனியிலிருந்து அல்ல. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கட்டைவிரலாலேயே ஆறாம் தந்தியை அழுத்தியும் வாசித்தார். ஆகவே ஓட்டமான வரிசைகளுக்குக் கட்டைவிரல் பின்னால், பெண்ட்டுக்கு மேலே. இடம் மாறத் தெரிந்த கட்டைவிரலே நல்ல கட்டைவிரல்.

ஒரே ஸ்வரத்தை அசைப்பதில்கூட ஆளுக்கொரு வழி. பி.பி.கிங், உறவினரான புக்கா ஒயிட் ஸ்லைடு குழாயை வைத்து எழுப்பிய நடுக்கத்தை வெறும் விரலில் கொண்டுவரப் பார்த்தார். ஆள்காட்டி விரலை ஊன்றி, மற்ற விரல்களை விரித்து, கையைச் சிறகடிப்பதுபோல அசைப்பார். எரிக் கிளாப்டன் கட்டைவிரலையே கழுத்திலிருந்து எடுத்துவிட்டு முழங்கையிலிருந்து அசைப்பார். ஆல்பர்ட் கிங் இடது கைக்காரர். கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்ததால், மற்றவர்கள் மேலே தள்ளும் தந்தியை அவர் கீழே இழுத்தார். அந்த இழுப்பின் கனத்தைப் பிறர் எட்டுவது கஷ்டம்.

எத்தனை விரல் வேண்டும் என்பது இன்னொரு வழக்கு. ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் 1928 தீ விபத்தில் முடங்கின. மிச்சமிருந்த இரண்டு விரலால் அவர் வாசித்த லீடை நான்கு விரலோடு இன்றும் பலரால் வாசிக்க முடியவில்லை. பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலை ஒன்றில் டோனி அயோமிக்கு இரண்டு விரல் நுனிகள் போனபோது வயது 17. ஜாங்கோவின் இசைத்தட்டைக் கேட்டுத் தேறி, பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டு கிட்டாருக்குத் திரும்பினார். எதிர்க்கோடியில் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த்: நான்கு விரலையும் அகல விரித்து, வலது கையை அதிகம் நம்பாமல், விரலைத் தந்திமேல் இறக்கியே சாக்ஸஃபோன்போல இழைத்தவர். விரலால் தந்தியைத் தட்டியே ஒலிக்கவைக்கும் டேப்பிங்குக்கு வான் ஹேலனின் 1978 'எரப்ஷன்' ஒன்று போதும். அதில் வலது கையும் ஃபிரெட்டுக்கு வந்துவிடுகிறது.

பாணி எதுவானாலும் உரைகல் ஒன்றுதான். மூன்றாம் தந்தி, ஏழாம் ஃபிரெட். மோதிர விரலை ஃபிரெட்டின் மேலே வைக்காமல், அதை ஒட்டித் தலைப்பக்கமாக வையுங்கள். நடுவிரல் அதன் பின்னால் முட்டுக் கொடுக்கட்டும். ஒரு முழு ஸ்வரம் மேலே தள்ளுங்கள். இரண்டாம் தந்தி ஐந்தாம் ஃபிரெட்டில் கேட்கும் ஸ்வரம்தான் இங்கும் கேட்க வேண்டும். பலருக்கு அரை மயிரிழை குறைவாகவே நிற்கும். இனிதான் சோதனை. தள்ளும்போது நான்காம் தந்தி விரலுக்கடியில் சிக்குகிறது; இறக்கும்போது அது விடுபட்டு ஙொய் என்று கத்தும். அதை அடக்குவது சும்மா இருப்பதாகத் தெரியும் ஆள்காட்டி விரல்தான். அதன் நுனி நான்காம் தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும், அடிப்பகுதி ஒன்று, இரண்டாம் தந்திகளின்மேல் படுத்திருக்கும். மிச்சமிருக்கும் தடித்த தந்திகளை வலது உள்ளங்கை பார்த்துக்கொள்ளும். ஒரு தந்தி பேச, ஐந்து தந்திகளின் வாயைப் பொத்த வேண்டியிருக்கிறது.

ஒரே ஃபிரெட்டில் அடுத்தடுத்த தந்திகளுக்குப் போகும்போதும் இதே கதை. விரலைத் தூக்கி வைத்தால் நடுவில் ஓட்டை விழும். தட்டையாகப் படுக்க வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். நுனியிலிருந்து சதைக்கு உருட்ட வேண்டும். அழுத்தமும் அளவோடுதான்: கூடினால் சுருதி ஏறும், கை இறுகும்.

தலைமுடிக்குப் போடும் பேண்டை ஃபிரெட் போர்டின் தலைமாட்டில் மாட்டி இரைச்சலை அடக்கும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. டேப்பிங் பதிவுக்குப் பரவாயில்லை. கற்றுக்கொள்பவர் மாட்டினால், இடது கையின் தப்பு அவருக்கே கேட்காது.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. மெட்டின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும் வீணையில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைப்பதா பிரித்து வைப்பதா என்று பாணிக்குப் பாணி வேறுபாடு உண்டு. ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்னாடக இசை வாசிக்கும்போது, இழுப்பும், விரலை வழுக்கும் ஜாருவும் எங்கே தொடங்கி எங்கே நிற்கின்றன என்று கவனியுங்கள்.

இன்று ராத்திரியே ஒன்று செய்து பாருங்கள். ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை நன்றாக ஏற்றி வையுங்கள். நான் சொன்ன அந்த பெண்ட்டை ஒரே ஒருமுறை வாசித்து, இறக்கி, விரலை எடுங்கள். எடுத்த பிறகு என்ன கேட்கிறது என்று மட்டும் கேளுங்கள்.