தோம்பில் ஏறாத உழைப்பு

போருக்குப் பின் எஞ்சிய நினைவுப் பொருளொன்றைக் கண்டால் நாம் கலங்குகிறோம். அதற்கு உரியவர் என்ன தொழில் செய்து வாழ்ந்தார் என்று கேட்க மறந்துவிடுகிறோம். இம்மறதி கலையிலும் படிகிறது.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ஆங்கில நூலின் பெயர் ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும். வடக்கில் இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்கள், தாம் இழந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அது கட்டடக்கலைப் படமாகத் திருத்தி வரையப்பட்டது. சனாதனன் தம் ஓவியத்தை அதனருகே வைத்தார். கையில் ஒன்றுமின்றி ஓடியவருக்கு அந்தக் கோட்டுப்படமே நினைவுப் பொருள். ஆள்வோரின் பதிவேட்டை அகதியின் சாட்சியமாக மாற்றியது இந்நூலின் பெரும் வெற்றி.

ஆயினும், வாகரையில் நின்று நோக்கும்போது நமக்கொரு கேள்வி எழுகிறது. 2006 நவம்பர் 8ஆம் நாள், கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. 40 பேருக்கு மேல் மாண்டனர். 2007 சனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றுமுன், பல்லாயிரவர் அப்பகுதியை விட்டு வெளியேறினர். அவர்கள் இழந்தவை வீடுகள் மட்டுமா? களப்பில் வலை வீசுவோருக்கு நீர்ப்பரப்பின் மீது உறுதிப்பத்திரம் இல்லை. காட்டில் தேனெடுக்கும் கரையோர வேடர்க்கு அக்காட்டின் மீது பத்திரம் இல்லை. வீட்டின் தளப்படத்தில் இவர்களுடைய இழப்பின் பெரும்பகுதி அடங்காது.

ஒல்லாந்தர் காலத்தில் தோம்பு இருவகைப்பட்டது. ஒன்று காணியைப் பதிந்தது. மற்றது தலைத்தோம்பு, அது குடும்பங்களையும் அவர்கள் அரசுக்குச் செய்யவேண்டிய ஊழியத்தையும் பதிந்தது. உழைப்பைச் சுரண்ட வந்தவன் உழைப்பை எண்ணி எழுதினான். உழைப்பாளரை நேசிக்கும் நாம் வீட்டை மட்டும் எழுதி அமைவதா?

சனாதனனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தம் தோம்பு முற்றுப்பெறாதது என்று அவரே பெயரிட்டுள்ளார். எஞ்சிய ஏடுகளை எழுதுவது நம் கடன். வாகரை மீனவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, “உங்கள் வீட்டை வரையுங்கள்” என்பதோடு நிறுத்தாது, “உங்கள் வேலையை வரையுங்கள்” என்றும் கேட்போம். எந்தக் காற்றில் எந்தத் துறையிலிருந்து தோணி புறப்பட்டது, எங்கே இறால் பட்டது, எந்நாளிலிருந்து அங்கே போக முடியாது போயிற்று என்பவை அத்தாளில் ஏறட்டும். ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊரில் இன்றே தொடங்கக்கூடிய பணி இது. இரக்கத்துக்கு உரியவராக மட்டும் தோன்றியவர், அப்போது உரிமை கோரும் உழைப்பாளராக நம்முன் நிற்பார்.